டைன்ஹாம் கிராமமும் அதன் மேனர் மாளிகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் கவுண்டியில், 1943 டிசம்பரில் ஆளில்லாமல் போன ஒரு சிற்றூர் டைன்ஹாம். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் படங்களில் கண்டவர்களும் பெரும்பாலும் கூரையிழந்த குடிசைகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்தக் குடிசைகள் அனைத்துக்கும் உரிமையான மாளிகை ஒன்று அதே பள்ளத்தாக்கில் நின்றது என்பதும், குடிசைகளைவிட மோசமான முடிவு அதற்கு நேர்ந்தது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஊரின் கதையை மாளிகையின் கதையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது என்பதால், இரண்டையும் பற்றிய கேள்விகளுக்கு இங்கே சேர்த்தே விடை எழுதப்பட்டிருக்கிறது.

டைன்ஹாம் எங்கே இருக்கிறது?

டார்செட்டின் தென்கிழக்கில், மூன்று பக்கம் நீரால் சூழப்பட்டிருப்பதால் பர்பெக் தீவு என்று அழைக்கப்படும் தீபகற்பத்தில், இரண்டு குன்றுத் தொடர்களுக்கு இடையே கிழக்கு மேற்காக ஓடும் ஒரு பள்ளத்தாக்கில் இந்த ஊர் இருக்கிறது. வடக்கே சுண்ணப்பாறையாலான பர்பெக் குன்றுகளும் தெற்கே காட் கிளிஃப் என்ற செங்குத்தான கடற்பாறையும் அதை அணைத்து நிற்கின்றன. பள்ளத்தாக்கு மேற்கே இறங்கி வார்பாரோ விரிகுடாவில் முடிகிறது. அருகிலுள்ள சந்தை ஊர் வேர்ஹாம். 2001இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த ஜுராசிக் கடற்கரையின் ஒரு பகுதிதான் இந்தக் கரை.

ஊர் மிகப் பழையது. முதலாம் வில்லியம் மன்னரின் ஆணைப்படி 1086இல் இங்கிலாந்தின் நிலவுடைமைகளைக் கணக்கெடுத்த டூம்ஸ்டே பதிவேட்டிலேயே டைன்ஹாம் இடம்பெற்றுள்ளது.

மேனர் மாளிகை என்பது வெறும் பெரிய வீடுதானா?

இல்லை. நடுக்கால இங்கிலாந்தில் மேனர் என்பது நிலமும், அந்த நிலத்தில் உழைத்தவர்களும், அவர்கள் நிலவுடைமையாளருக்குச் செலுத்த வேண்டிய கடமைகளும் சேர்ந்த ஓர் அமைப்பு. அதன் தலைமையிடமாக விளங்கிய வீடே மேனர் மாளிகை. நம் ஊர்களில் ஜமீன் அரண்மனைக்கும் அதைச் சுற்றியிருந்த குடிகளுக்கும் இருந்த உறவை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். சட்டப்படியான பழைய கடமைகள் காலப்போக்கில் மறைந்துவிட்டாலும், டைன்ஹாம் போன்ற சிற்றூர்களில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்த உறவின் சாரம் மாறவில்லை: வயல்களும் பண்ணைகளும் குடிசைகளும் மாளிகைக் குடும்பத்துக்கே சொந்தம், ஊரார் வாடகைக்கோ குத்தகைக்கோ குடியிருந்தனர், ஊரில் வேலை என்பது பெரும்பாலும் பண்ணை வேலை, மாளிகை வேலை, மாளிகைத் தோட்ட வேலை என்றே இருந்தது. பாதிரியார் பதவியில்கூடச் சில காலம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரே அமர்ந்திருந்தார்.

இந்த உடைமை முறையைப் புரிந்துகொள்ளாமல் 1943இல் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. வெளியேற்றப்பட்டவர்களுக்கு எவ்வளவு இழப்பீடு கிடைத்தது என்ற கேள்விக்கான விடை இதில்தான் அடங்கியிருக்கிறது.

டைன்ஹாம் மாளிகை எப்போது கட்டப்பட்டது? அது யாருக்குச் சொந்தமாக இருந்தது?

இன்று நாம் பழைய படங்களில் காணும் மாளிகையின் முகப்பு, முதலாம் எலிசபெத் அரசியின் காலமான 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. சாம்பல் நிறப் பர்பெக் கல்லால் கட்டப்பட்டு, முக்கோண முகடுகளும் கல் சட்டமிட்ட சன்னல்களும் உயர்ந்த புகைபோக்கிகளுமாக, அலங்காரத்தைக் குறைத்து உறுதியை நம்பி எழுப்பப்பட்ட வீடு அது. அந்த முகப்புக்குப் பின்னால் இன்னும் பழைய ஒரு கட்டடமும் இருந்தது: 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, மரக்கூரை கொண்ட ஒரு பெருங்கூடம். புதிய வீடு கட்டியவர்கள் பழையதை இடித்துத் தள்ளாமல் அதோடு ஒட்டியே கட்டியிருக்கிறார்கள். ஒரே கூரைத் தொகுதிக்குள் ஏறக்குறைய 600 ஆண்டு வரலாறு இருந்தது என்பதே இந்த வீட்டின் தனிச்சிறப்பு. பிரம்மாண்டமான மாளிகைகள் இங்கிலாந்தில் ஏராளம். ஆனால், பெரிய அளவில் புதுப்பித்துக் கெடுக்கப்படாமல், ஒரு பள்ளத்தாக்கின் அளவுக்கு ஏற்றபடி அடக்கமாக நின்ற வீடுகள் அவ்வளவு இல்லை.

1683இல் நத்தேனியல் பாண்ட் என்பவர் டைன்ஹாமை விலைக்கு வாங்கினார். அன்றுமுதல் 1943 வரை, 260 ஆண்டுகள், பாண்ட் குடும்பமே அதன் உடைமையாளர். கடைசி உடைமையாளர் ரால்ஃப் பாண்ட். இந்தக் குடும்பத்தில் பிறந்து அந்த வீட்டிலேயே வளர்ந்த லிலியன் பாண்ட், 1956இல் ஊரின் நினைவுகளை நூலாக எழுதி வெளியிட்டார். ஊர் மறைந்த பிறகும் வீடுகளின் பெயர்களும் வயல்களின் பெயர்களும் ஊராரின் பேச்சு வழக்கும் நமக்குக் கிடைத்திருப்பதற்கு அந்த நூல் ஒரு முக்கியக் காரணம்.

ஊரில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

தேவாலயம், பள்ளி, பாதிரியார் இல்லம், அஞ்சலகம், அதையொட்டி வரிசையாகச் சில கல் குடிசைகள், ஊரைச் சுற்றிச் சிதறிய பண்ணைகள் என்று டைன்ஹாம் மிகச் சிறியது. பண்ணைகளில் ஆடுமாடுகளும் தானியமும், கடற்கரையில் மீன்பிடி. வார்பாரோ விரிகுடாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் கானாங்கெளுத்தி மீனுக்கு வலை வளைத்தும், சிங்கி இறாலுக்கும் நண்டுக்கும் கூடு இறக்கியும் பிழைத்தன. பாறை உச்சியில் ஒருவர் நின்று மீன் கூட்டம் வருவதைக் கண்டு குரல் கொடுக்க, கீழே படகைத் தள்ளிக்கொண்டு போய் வலையை வளைப்பது அந்தக் கரையின் வழக்கம். வலையைக் கரைக்கு இழுக்கும்போது ஊரே கை கொடுக்கும்.

வீடுகளுக்கு மின்சாரம் வரவில்லை. குடிதண்ணீர் ஊர்க் குழாயிலிருந்து வாளியில் வந்தது. அஞ்சலகமே கடை, அதுவே செய்தி நிலையம். 1929இல் அதன் வாசலில் ஒரு தொலைபேசிக் கூண்டு வைக்கப்பட்டபோது, வெளியுலகம் அந்தப் பள்ளத்தாக்குக்குள் முதன்முதலாகக் கம்பி வழியே எட்டிப்பார்த்தது என்று சொல்லலாம்.

1943க்கு முன் ஊர் செழிப்பாக இருந்ததா?

செழிப்பு என்று சொல்வது மிகை. இழந்த ஊரை நினைக்கும்போது அதைப் பொற்கால ஓவியமாகத் தீட்டிவிடும் போக்கு இயல்பானது. ஆனால் உண்மை அதைவிடச் சிக்கலானது. பண்ணைகளில் இயந்திரங்கள் வந்து ஆள் தேவை குறைந்தது. மீன்பிடியில் வருவாய் சுருங்கியது. இளைஞர்கள் வேலை தேடி நகரங்களுக்குப் போனார்கள். போதிய பிள்ளைகள் இல்லாமல் ஊர்ப் பள்ளி 1932லேயே மூடப்பட்டு, எஞ்சிய பிள்ளைகள் கார்ஃப் காசில் ஊருக்குப் படிக்க அனுப்பப்பட்டார்கள். அதாவது, இராணுவம் வருவதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே பள்ளி மணி நின்றுவிட்டது.

என்றாலும், மெல்ல மெல்லச் சிறுத்துக்கொண்டிருந்த ஓர் ஊருக்கும், ஒரே மாதத்தில் துடைத்தெடுக்கப்பட்ட ஓர் ஊருக்கும் உள்ள வேறுபாட்டை இது அழித்துவிடாது. தேய்ந்த எத்தனையோ டார்செட் கிராமங்கள் இன்றும் ஆட்களோடு இருக்கின்றன. தன் எதிர்காலத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ளும் வாய்ப்பு டைன்ஹாமுக்குக் கிடைக்கவில்லை என்பதே இங்கு முக்கியம்.

இராணுவம் ஏன் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது?

முதல் உலகப் போரின்போதே இதற்கான காரணம் உருவாகிவிட்டது. பிரிட்டனின் டாங்கிப் படையினருக்குப் பயிற்சி தரும் இடமாக அருகிலுள்ள பாவிங்டன் முகாம் ஆனது. அவர்களுக்குப் பீரங்கி சுடக் கற்றுத்தர லுல்வொர்த்தில் ஒரு சுடுதளம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது டாங்கிகளின் பீரங்கிகள் முன்பைவிட வெகு தூரம் சுடக்கூடியவையாக வளர்ந்திருந்தன. பழைய தளம் போதவில்லை. 1944இல் நார்மண்டியில் படைகளை இறக்கும் பெருந்திட்டத்துக்காகப் பயிற்சி பெற வேண்டிய வீரர்களின் எண்ணிக்கையும் பெருகியது. லுல்வொர்த்துக்குக் கிழக்கே இருந்த டைன்ஹாம் பள்ளத்தாக்கோ, பின்புறம் கடலும் பக்கங்களில் குன்றுகளுமாக, குறி தப்பிய குண்டுகள் வேறு ஊர்களின் மேல் விழாதபடி இயற்கையே வேலி போட்டது போல இருந்தது. ஆக, சுமார் 7,500 ஏக்கர் நிலம் தேவை என்று போர் அமைச்சகம் முடிவு செய்தது.

வெளியேற்றம் எப்படி நடந்தது?

1943 நவம்பர் 16 தேதியிட்ட கடிதம் ஒன்று ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தது. படைகளுக்குப் பயிற்சி தர இந்தப் பகுதி தேவைப்படுகிறது என்றும், டிசம்பர் 19க்குள் அனைவரும் வெளியேற வேண்டும் என்றும் அது சொன்னது. கேட்கப்படுவது சிறிய தியாகம் அல்ல என்பதை அரசு அறிந்திருக்கிறது என்றும், போரில் வெல்வதற்கான இந்த உதவியையும் நல்ல மனத்தோடு செய்வீர்கள் என்று நம்புவதாகவும் கடிதம் முடிந்தது.

ஒரு மாதம்தான் அவகாசம். அதற்குள் கால்நடைகளை விற்க வேண்டும்; தீவனத்தையும் கருவிகளையும் அப்புறப்படுத்த வேண்டும்; குளிர்காலத்தின் நடுவில், போர்க்காலத்தில், தங்க இடம் தேட வேண்டும். கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் முன்பு ஊர் காலியானது. டைன்ஹாமும் சுற்றியிருந்த பண்ணைகளும் குடியிருப்புகளும் சேர்த்து 225 பேர் வெளியேறினார்கள். வயதானவர்களில் பலர் அதற்கு முன் அந்தப் பள்ளத்தாக்கை விட்டு வேறெங்கும் வாழ்ந்தவர்கள் அல்லர்.

பொதுவாக இவர்கள் எதிர்க்கவில்லை. இதைப் பணிவு என்றோ அறியாமை என்றோ சிலர் எடைபோடுகிறார்கள், அது நியாயமன்று. ஒவ்வொரு குடும்பத்திலும் யாரோ ஒருவர் படையில் இருந்த காலம் அது. நாட்டுக்காக வீட்டைச் சில காலம் இரவல் தருகிறோம் என்றே அவர்கள் நினைத்தார்கள். போர் முடிந்ததும் திரும்பலாம் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு ஊட்டப்பட்டிருந்தது.

தேவாலயக் கதவில் ஒரு குறிப்பு ஒட்டப்பட்டிருந்தது என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. ஊரை விட்டுப் போனவர்கள், உள்ளே வரவிருந்த படைவீரர்களுக்காக புனித மரியாள் தேவாலயத்தின் கதவில் அதை விட்டுச் சென்றார்கள். தேவாலயத்தையும் வீடுகளையும் கவனத்தோடு நடத்துங்கள் என்று அது கேட்டுக்கொண்டது. மனிதர்கள் சுதந்திரமாக வாழ்வதற்கான போரில் வெல்ல உதவும் பொருட்டு, பலரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளைக் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்றது. ஒரு நாள் திரும்பி வருவோம், ஊரைப் பரிவோடு நடத்தியதற்கு நன்றி என்று முடித்தது. நடக்கவிருந்த ஒன்றுக்கு முன்கூட்டியே நன்றி சொல்லும் அந்த மரியாதையே இதை இன்று வாசிப்பவரின் தொண்டையை அடைக்கச் செய்கிறது. புகாரோ கோபமோ அதில் ஒரு வரிகூட இல்லை.

வெளியேறியவர்களுக்கு இழப்பீடு கிடைத்ததா?

மிகக் குறைவு. நிலமும் வீடும் பாண்ட் குடும்பத்துக்குச் சொந்தம். ஊரார் குடியிருந்தவர்கள் மட்டுமே. ஆகவே வீட்டை இழந்ததற்கு அவர்களுக்குச் சட்டப்படி எதுவும் சேரவேண்டியதில்லை. தோட்டத்தில் விளைந்திருந்த காய்கறிகளின் மதிப்பு மட்டுமே அவர்களுக்குத் தரப்பட்டது. முட்டைக்கோசுக்கும் உருளைக்கிழங்குக்கும் விலை போட முடிந்த ஒரு கணக்கு, நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஒரே மண்ணில் தொடர்ந்த வாழ்வுக்கு விலை போட வழியறியவில்லை. இதற்கு இராணுவத்தை மட்டும் பொறுப்பாக்கிவிட முடியாது. உழைப்பவனுக்கு உரிமை இல்லாத பழைய மேனர் முறையே அந்தக் கணக்கை முன்பே எழுதி வைத்திருந்தது. போர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

பின்னர் வேர்ஹாம் சுற்றுவட்டாரத்தில் பலருக்கு நகராட்சி வீடுகள் கிடைத்தன. குழாயைத் திறந்தால் தண்ணீரும் பொத்தானை அழுத்தினால் விளக்கும் வந்த அந்த வீடுகளை இளைய பெண்களில் சிலர் மகிழ்வோடு ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதியவர்களுக்கு அந்த ஆறுதல் வாய்க்கவில்லை.

போர் முடிந்த பிறகு ஊர் ஏன் திருப்பித் தரப்படவில்லை?

1945இல் ஜெர்மனியோடு போர் முடிந்தாலும் டாங்கிப் பயிற்சியின் தேவை முடியவில்லை. சோவியத் ஒன்றியத்தோடு பனிப்போர் தொடங்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே குண்டுகள் விழுந்த நிலத்தைச் சுத்தம் செய்து ஒப்படைப்பதைவிட வைத்துக்கொள்வது எளிதாகவும் இருந்தது. உள்ளூர் எதிர்ப்பு எழுந்தது; விசாரணையும் நடந்தது; ஆயினும் 1948இல் பிரதமர் அட்லீ தலைமையிலான அரசு நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்த முடிவு செய்தது. போர்க்காலத்துக்காகத் தற்காலிகமாக எடுக்கப்பட்டது அன்று நிரந்தரமானது.

திரும்ப வரலாம் என்ற சொல், சட்டத்தில் பிடித்து நிறுத்தக்கூடிய வடிவில் எழுதப்பட்டிருக்கவில்லை. கொடுத்தவர்கள் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார்கள். பெற்றவர்கள் அதைச் சூழ்நிலைக்கேற்ப மாறக்கூடிய எண்ணமாகக் கருதினார்கள். அரசு செய்தது சட்டப்படி செல்லும் என்பதை ஏற்றுக்கொண்டே, அது நம்பிக்கைத் துரோகம் என்று சொல்ல இந்தப் பக்கத்தை எழுதுபவருக்குத் தயக்கம் இல்லை.

மாளிகைக்கு என்ன ஆயிற்று?

மாளிகையின் வெளியேற்றம் ஊருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1941இல் விமானப்படை அதை எடுத்துக்கொண்டது. அருகே கடற்பாறைமேல் பிராண்டி பே என்ற இடத்தில் அமைந்த ரேடார் நிலையத்தில் பணியாற்றிய விமானப்படை மகளிர் பிரிவினர் அங்கே தங்கவைக்கப்பட்டார்கள். பாண்ட் குடும்பம் தோட்டக்காரர் குடியிருப்புக்கு இடம் மாறியது. ஆக, 1943 டிசம்பரில் ரால்ஃப் பாண்ட் ஊரை விட்டுப் போனபோது தம் மாளிகையிலிருந்து போகவில்லை; தம் பணியாளருக்காகக் கட்டப்பட்ட குடிசையிலிருந்துதான் போனார். நிலவுடைமையாளரும் குடியானவரும் ஒரே கடிதத்தால் ஒரே வாரத்தில் வீடிழந்த நிகழ்வு அது.

போருக்குப் பிறகு மாளிகை பூட்டிக் கிடந்தது. பராமரிப்பு இல்லை. கூரை ஈயத் தகடுகள் திருடப்பட, மழைநீர் உள்ளே இறங்கியது, மரத்தளங்கள் உளுத்தன, உட்புகுந்தவர்கள் கைக்கு அகப்பட்டதைக் கொண்டு போனார்கள். குண்டுகளால் நேர்ந்த சேதத்தைவிடக் கவனிப்பாரற்ற 20 ஆண்டுகள் செய்த சேதம் பெரிது. 1967இல் பொதுப்பணி அமைச்சகம் கட்டடத்தின் பெரும்பகுதியை இடித்தது. செதுக்கிய கல் பகுதிகள் சிலவற்றைக் கழற்றி டார்செட்டில் உள்ள வேறு பழைய மாளிகைகளுக்குக் கொடுத்தார்கள். எலிசபெத் காலத்து வீடு ஒன்றின் வாயில் வேறொரு வீட்டின் அலங்காரமாகப் போய்ச் சேர்வதைக் காப்பாற்றுதல் என்று அன்று குறிப்பிட்டார்கள். அதை அப்படி அழைக்க இன்று மனம் ஒப்பவில்லை.

பிரிட்டனில் 1950களிலும் 1960களிலும் நூற்றுக்கணக்கான கிராமப்புற மாளிகைகள் இடிக்கப்பட்டன. வாரிசு வரியும் பராமரிப்புச் செலவும் தாங்காமல் உடைமையாளர்களே பலவற்றை இடித்தார்கள். டைன்ஹாம் மாளிகையை அந்தக் கணக்கில் சேர்ப்பது தவறு. இங்கே உடைமையாளர் அரசு. அதைக் காக்கும் சட்டப் பொறுப்பும் அறிவும் நிபுணர்களும் அரசிடமே இருந்தார்கள். வீட்டைப் பிடுங்கி, பராமரிக்காமல் விட்டு, பின்னர் பாழடைந்துவிட்டது என்ற காரணத்தைக் காட்டி இடித்ததுதான் நடந்தது.

ஊரைத் திரும்பப் பெற யாரும் போராடவில்லையா?

போராடினார்கள். மாளிகை இடிக்கப்பட்டதே பலரை எழுப்பியது எனலாம். 1968இல் பத்திரிகையாளர் ராட்னி லெக் முன்னின்று டைன்ஹாம் செயற்குழுவைத் தொடங்கினார். முன்னாள் ஊரார், இயற்கை ஆர்வலர்கள், நடைப்பயணிகள் என்று பலரும் அதில் சேர்ந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் இராணுவத்தின் வசமிருந்த நிலங்களை ஆராய நியூஜென்ட் பிரபு தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. 1973இல் வெளிவந்த அதன் அறிக்கை லுல்வொர்த் சுடுதளத்தை விடுவிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை.

முழு வெற்றி கிட்டாவிட்டாலும் பலன் இல்லாமல் போகவில்லை. 1975 முதல் வார இறுதிகளிலும் ஆகஸ்டு மாதத்திலும் ஊரும் நடைபாதைகளும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. தேவாலயமும் பள்ளியும் பழுது பார்க்கப்பட்டு, குடிசைச் சுவர்கள் மேலும் சரியாதபடி உறுதிப்படுத்தப்பட்டன. இன்று நாம் அங்கே நின்று பார்க்க முடிவது அந்தக் குரல்களால்தான்.

இன்று அங்கே எதைப் பார்க்கலாம்?

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஊருக்குள் நுழைந்ததும் அஞ்சலகத்தை ஒட்டிய குடிசை வரிசை கண்ணில் படும். கூரை இல்லை, தளம் இல்லை. சுவர்கள் மட்டும் நிற்கின்றன. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், தளம் போய்விட்டதால், மாடி அறையின் கணப்படுப்பு சுவரின் பாதி உயரத்தில் யாரும் எட்ட முடியாமல் தொங்குகிறது. கீழே இன்னொரு கணப்படுப்பு. அதன் பக்கத்தில் ரொட்டி சுட்ட அடுப்பின் வாய். ஒவ்வொரு வீட்டிலும் அங்கே வாழ்ந்த குடும்பத்தைப் பற்றிய விவரப் பலகை உண்டு. அவற்றை அவசரமில்லாமல் வாசிப்பது நல்லது. வெறும் சுவர்களாகத் தெரிந்தவை அதன் பிறகே வீடுகளாகத் தெரியத் தொடங்கும்.

அஞ்சலக வாசலில் உள்ள தொலைபேசிக் கூண்டு, செந்நிற இரும்புக் கூண்டுகள் பரவலாவதற்கு முந்தைய கான்கிரீட் வகை. 1929இல் வைக்கப்பட்ட மூலக் கூண்டு, 1985இல் அங்கே நடந்த ஒரு திரைப்படப் படப்பிடிப்பின்போது உடைந்துபோனதால், அதே வகைக் கூண்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

பள்ளியை ஒரு வகுப்பறையாகவே மீட்டமைத்திருக்கிறார்கள். மேலங்கி மாட்டும் முளைகளின் கீழ்ப் பிள்ளைகளின் பெயர்கள், சாய்ந்த மேசைகள், மைக்குப்பிகள். மேசைகளின் மேலும் சுவரிலும் பிள்ளைகளின் இயற்கைப் பாடக் குறிப்புகள் இருக்கின்றன. சுற்றியிருந்த வயலும் கடலோரமும் அவர்களுக்குப் பாடப்புத்தகமாக இருந்தது அதில் தெளிவாகத் தெரிகிறது. நேரம் குறைவாக இருப்பவர்கள் வேறு எதைத் தவிர்த்தாலும் இந்த அறையைத் தவிர்க்கக் கூடாது.

தேவாலயம் 13ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. மார்ட்டின் டிராவர்ஸ் வடிவமைத்த வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்று அதில் இருக்கிறது. மணி, பிரசங்க மேடை போன்றவை அண்டை ஊர்களின் தேவாலயங்களுக்குப் போய்விட்டன. உள்ளே இப்போது ஊர் வரலாற்றுக் காட்சி. டைன்ஹாம் பண்ணையின் கொட்டகைகளும் சீரமைக்கப்பட்டுள்ளன.

நடக்க முடிந்தவர்கள் ஓடையோரமாக மரநிழலில் சுமார் ஒரு மைல் நடந்து வார்பாரோ விரிகுடாவுக்குப் போகலாம். மீனவர் வீடுகளின் அடித்தளங்களும், எதிரி டாங்கிகள் கரையேறாமல் தடுக்க நாட்டிய கான்கிரீட் கூம்புகளும் அங்கே இன்னும் உள்ளன. விரிகுடாவுக்கு மேலே குன்று உச்சியில் ஃப்ளவர்ஸ் பாரோ என்ற இரும்புக்காலக் கோட்டை. அதன் ஒரு பகுதியைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது.

மாளிகையின் இடிபாடுகளைப் பார்க்க முடியுமா?

முடியாது. எஞ்சிய சுவர்கள் மரங்களுக்கிடையே, பொதுமக்களுக்கு அனுமதியில்லாத பகுதியில் இருக்கின்றன. ஊரின் மையமாக இருந்த வீடே பார்வையாளர் வரைபடத்தில் இல்லாமல் போனதால், டைன்ஹாம் என்றாலே குடிசைகள் மட்டும்தான் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. மாளிகையைக் கட்டி எழுப்புவது இனி நடவாத காரியம். ஆனால் பாதுகாப்பான ஒரு பாதையை அமைத்து, எஞ்சிய சுவர்களையாவது காண வழி செய்தால், இந்த ஊரின் உடைமை வரலாறு ஒவ்வொரு பார்வையாளருக்கும் தானாக விளங்கும்.

இராணுவம் இருந்ததால்தான் இந்த இயற்கை பிழைத்தது என்கிறார்களே?

அதில் உண்மை இருக்கிறது. 1943க்குப் பிறகு இந்தப் பள்ளத்தாக்கில் செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் நவீன உழவும் நுழையவில்லை. விடுதிகளும், சுற்றுலாப் பயணிகள் வண்டி வீடுகளை நிறுத்தித் தங்கும் பூங்காக்களும் வரவில்லை. லுல்வொர்த் ஸ்கிப்பர் என்று இந்த வட்டாரத்தின் பெயராலேயே அழைக்கப்படும் சிறு பட்டாம்பூச்சியும், அரிய ஆர்க்கிட் பூக்களும், சிகா மான்களும் இங்கே நன்றாக வாழ்கின்றன. ஆனால் இந்த வாதத்தை வெளியேற்றத்துக்கு நியாயமாக நீட்டுவது சரியல்ல. இயற்கையைக் காப்பதற்காக யாரும் அந்த 225 பேரை அனுப்பவில்லை. அது எதிர்பாராமல் விளைந்த நன்மை. கடற்கரைகளையும் குன்றுகளையும் மக்களோடு சேர்த்தே காக்கும் நேஷனல் டிரஸ்ட் போன்ற அமைப்புகள் அதே பர்பெக் பகுதியில் இயங்குகின்றன.

இதே போல வேறு ஊர்கள் உண்டா?

உண்டு. வில்ட்ஷயரில் சாலிஸ்பரி சமவெளியில் இருந்த இம்பர் என்ற ஊரும் 1943இலேயே காலி செய்யப்பட்டது. அங்கும் யாரும் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. ஆண்டில் சில நாட்கள் மட்டும் அதன் தேவாலயம் திறக்கப்படுகிறது. நார்ஃபோக்கில் 1942இல் சில கிராமங்கள் பயிற்சிக்காக எடுக்கப்பட்டன. டைன்ஹாமுக்குத்தான் இவற்றுள் அதிகம் பேர் போக முடிகிறது.

போவதற்கு முன் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

இது இன்றும் இயங்கும் சுடுதளம். சுடும் நாட்களில் செங்கொடி ஏற்றப்பட்டு, ஊருக்குச் செல்லும் சாலையே மூடப்படும். பெரும்பாலான வார இறுதிகளிலும் விடுமுறைக் காலங்களிலும் திறந்திருக்கும். ஆயினும் விதிவிலக்குகள் உண்டு என்பதால், லுல்வொர்த் சுடுதளத்தின் திறப்பு நாட்களை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு புறப்பட வேண்டும். நுழைவுக் கட்டணம் இல்லை. வண்டி நிறுத்துமிடத்தில் விரும்பியதைக் காணிக்கையாகப் போடலாம். கடையோ உணவகமோ கிடையாது என்பதால் குடிதண்ணீரும் உணவும் கையோடு எடுத்துச் செல்வது நலம். மஞ்சள் கம்பங்கள் காட்டும் பாதையை விட்டு எக்காரணத்தாலும் விலகக் கூடாது. புல்லுக்குள் வெடிக்காத குண்டுகள் கிடக்கக்கூடும், கண்ணில் படும் உலோகத் துண்டு எதையும் தொடக் கூடாது. பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் இதை வண்டியை விட்டு இறங்கும் முன்பே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். மாலையில் வாயில் பூட்டப்படும் என்பதால், கடற்கரை வரை நடக்க விரும்புகிறவர்கள் முற்பகலிலேயே போய்ச் சேர்வது நல்லது.